காலை எப்போது ஊன்றலாம்?

கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, உள்ளே கம்பியோ தகடோ பொருத்தப்பட்டு வீடு திரும்பும் ஒருவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எப்போ நடப்பீங்க?” படுத்திருப்பவரின் மனத்தில் ஓடும் கேள்வியோ அதைவிடச் சிறியது. முறிந்த காலைத் தரையில் வைக்கலாமா, கூடாதா?

இதற்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்பார் ஒருவர். தம் மைத்துனர் மூன்று மாதம் படுத்திருந்ததாகச் சொல்வார் இன்னொருவர். இடுப்பெலும்பு முறிந்த தம் பாட்டியை மருத்துவர்கள் மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்கள் என்று வியப்பார் மற்றொருவர். இம்மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஏனெனில் அவை மூன்று வெவ்வேறு கால்களுக்குச் சொல்லப்பட்டவை. இந்த எளிய உண்மைக்கு மருத்துவ உலகம் வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

நெடுஞ்சாலையின் இரு முனைகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கால் முறிவு புதிய செய்தி அல்ல. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், செயல்படத் தொடங்கியது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. தண்டவாளம், துறைமுக மேடை, தோட்டம் என்று தமிழர்கள் உழைத்த இடங்கள் எல்லாமே காலுக்கு ஆபத்தானவைதாம். கனமான பொருள் விழுவதும், உயரத்திலிருந்து தவறி விழுவதும் அந்த வேலைகளோடு ஒட்டிப் பிறந்தவை.

பின்னர் அந்த இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. தலைநகரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களின் தொடக்கத்திலேயே மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப் பாதை அமைக்கப்பட்டது. உலகிலேயே இத்தகைய முன்னோடி முயற்சிகளில் அதுவும் ஒன்று. அந்தப் பாதையால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாகப் பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இருப்பினும், 2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 7,152 பேர். 2019இல் 6,167 பேர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தியாகிறது. உயிர் பிழைத்து, கால் முறிந்து, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. காலை எப்போது ஊன்றலாம் என்ற கேள்வி அவர்களுக்கு மருத்துவக் கேள்வி மட்டும் அல்ல. அது வாடகை, வண்டித் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு பற்றிய கேள்வியும்கூட.

ஓய்வே மருந்து என்ற காலம்

எலும்பு முறிவைக் கட்டிச் சரிசெய்யும் கலை மிகப் பழையது. ஆந்திராவின் புத்தூரில் பல தலைமுறையாகத் தொடரும் புத்தூர்க் கட்டைத் தமிழகத்தில் அறியாதவர் குறைவு. இங்கும் மலாய்க்காரர்களின் ‘உருட்’ முறை, சீனர்களின் எலும்பு வைத்தியம் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு மரபு உண்டு. ஆங்கிலேயரிடமும் அப்படித்தான். லிவர்பூல் நகரில் எலும்பு கட்டும் குடும்பத்தில் வந்தவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834 – 1891). தந்தை பரம்பரை வைத்தியர்; மகனோ முறையாக மருத்துவம் பயின்றவர். இடையறாத, நீண்ட, கட்டாய ஓய்வே முறிந்த எலும்புக்கும் நோயுற்ற மூட்டுக்கும் மருந்து என்பது அவருடைய உறுதியான கொள்கை. அவர் உருவாக்கிய ‘தாமஸ் ஸ்பிளிண்ட்’ என்னும் தாங்கியை, அவருடைய மனைவி வழி உறவினரும் சீடருமான சர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் பரவலாகப் பயன்படுத்தச் செய்தார். தொடை எலும்பு சிதைந்த போர்வீரர்களின் இறப்பு அதனால் வெகுவாகக் குறைந்தது.

எனவே ஓய்வு உயிர் காத்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. தொடை எலும்பு முறிந்தவர் எடை தொங்கவிட்ட கட்டிலில் பத்து, பன்னிரண்டு வாரங்கள் மல்லாந்து கிடக்க வேண்டியிருந்தது. அதற்குள் முதுகில் படுக்கைப் புண் வரும். நுரையீரலில் சளி கட்டும். கால் நரம்பில் இரத்தம் உறையும். தசை கரையும், முழங்கால் மடங்க மறுக்கும். எலும்பு கூடியிருக்கும், கால் மட்டும் பயன்படாமல் போயிருக்கும்.

இதை எதிர்த்து முதலில் உரக்கப் பேசியவர்களில் ஒருவர், பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் ஜுஸ்ட் லூக்கா-ஷாம்பியோனியேர் (1843 – 1913). முறிந்த உறுப்பை அசைக்காமல் கட்டிப் போடுவதே அதற்குக் கேடு என்றும், மென்மையான பிடித்துவிடுதலும் அளவான அசைவும் எலும்பு கூடத் துணை செய்யும் என்றும் அவர் வாதிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில், 1892இல், ஜெர்மனியின் ஜூலியஸ் வோல்ஃப் ஒரு விதியை வெளியிட்டார். எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைக் கட்டமைத்துக்கொள்கிறது என்பதே அதன் சாரம். பாரம் ஏறினால் எலும்பு வலுவடையும். பாரம் இல்லாவிட்டால் மெலியும்.

1894இல் லண்டனில் நான்கு தாதியர் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் செய்பவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கத்தின் வேர் அதுதான். பார்வையற்றோர் செய்யும் மசாஜுக்குப் பெயர் பெற்றது பிரிக்பீல்ட்ஸ். 1951இல் அமைக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் இருப்பிடமும் அதுவே. பிசியோதெரபியும் கைத்தொழிலாகவே பிறந்தது என்பதை அங்கு வாழ்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். களைத்த உடலைப் பிடித்துவிடுவது வேறு. அறுவை சிகிச்சை முடிந்து வீங்கியிருக்கும் காலைப் பிடித்துவிடுவது வேறு. கெண்டைக்கால் நரம்பில் இரத்தம் உறைந்திருந்தால், அழுத்திப் பிடிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எலும்புக்குள் ஒரு கம்பி

1939 நவம்பரில் ஜெர்மனியின் கீல் நகரில் டாக்டர் கெர்ஹார்ட் குன்ட்ஷர், முறிந்த தொடை எலும்பின் உட்குழிக்குள் ஒரு நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தினார். மறு ஆண்டு பெர்லினில் அவர் இதை விளக்கியபோது சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. மஜ்ஜையைக் குத்திக் கிழித்தால் எலும்பு எப்படிக் கூடும் என்பது அவர்களின் ஐயம். போர் நடந்த காலம் ஆதலால் செய்தி வெளியுலகுக்கும் எட்டவில்லை. ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த நேச நாட்டு வீரர்கள் தாயகம் திரும்பியபோதுதான், அவர்களின் எக்ஸ்ரேயில் தொடைக்குள் நீளமான கம்பியைப் பார்த்து மருத்துவர்கள் திகைத்தார்கள். 1945இல் அமெரிக்காவின் ‘டைம்’ வார இதழ் இதை ஒரு செய்தியாகவே வெளியிட்டது.

அந்தக் கம்பியின் சிறப்பு அது இருக்கும் இடத்தில் உள்ளது. எலும்பின் நட்ட நடுவில் இருப்பதால், நடக்கும்போது விழும் பாரத்தை அது எலும்போடு பங்கிட்டுக்கொள்கிறது. மாதக்கணக்கில் கட்டிலில் கிடக்க வேண்டியவர்கள் சில வாரங்களில் எழுந்து நடக்கத் தொடங்கினார்கள்.

1958இல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர் முதலான மருத்துவர்கள் ‘ஏ.ஓ.’ என்ற அமைப்பைத் தோற்றுவித்தார்கள். தகடும் திருகாணியும் கொண்டு எலும்பை இறுகப் பொருத்தி, மூட்டை உடனே அசைக்கச் செய்வது அவர்களின் வழி. நீண்ட ஓய்வால் வரும் மூட்டு விறைப்பையும் தசை இளைப்பையும் ‘முறிவு நோய்’ என்றே அவர்கள் அழைத்தார்கள். ஆனால் மூட்டை அசைப்பது வேறு, அதன் மேல் எடையைப் போடுவது வேறு. தகடு எலும்பின் பக்கவாட்டில் நிற்கிறது. எலும்பு கூடும் முன்னரே முழு எடையும் அதன் மேல் விழுந்தால், ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தப்படும் கம்பியைப்போல அதுவும் நாளடைவில் முறியக்கூடும். ஆகவே “காலை ஆட்டலாம், ஊன்றக் கூடாது” என்ற அறிவுரை பிறந்தது.

இதே காலத்தில் வேறு இருவர் எதிர்த் திசையில் நடந்தார்கள். அமெரிக்காவின் அகஸ்டோ சர்மியன்டோ 1967இல் வெளியிட்ட ஆய்வில், முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்தவர்களுக்கு முழங்காலை மடக்கக்கூடிய குட்டையான மாவுக்கட்டுப் போட்டு நடக்க வைத்தார், எலும்புகள் கூடின. சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரில் இலிசாரோவ், 1950களின் தொடக்கத்திலிருந்தே காலைச் சுற்றி உலோக வளையங்களைப் பொருத்தி, அவற்றோடு நோயாளிகளை நடக்கச் செய்துவந்தார். 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் சிதைந்த ஒலிம்பிக் உயரம் தாண்டும் வீரர் வலேரி புருமெல், பல அறுவை சிகிச்சைகள் பலனளிக்காமல் 1968இல் அவரிடம்தான் சென்றார். மீண்டும் தாண்டும் நிலைக்கும் வந்தார். மேற்கு நாடுகள் இலிசாரோவை முறையாக அறிந்துகொண்டது 1980களில்தான்.

நாட்காட்டி சொன்ன கணக்கு

இவ்வளவு மாற்றங்களுக்குப் பிறகும் மருத்துவமனைகளில் ஒரு பழக்கம் நிலைத்தது. ஆறு வாரம் எடை வைக்காமை, அடுத்த ஆறு வாரம் பகுதி எடை, பிறகு முழு எடை என்ற அட்டவணையே அது. பாதுகாப்பானது, நினைவில் வைக்க எளிது என்பதால் பலருக்கும் அதுவே சொல்லப்பட்டது. கால் யாருடையது என்பதை அந்த அட்டவணை கேட்கவில்லை.

அதன் அடிப்படையையே சில அளவீடுகள் அசைத்தன. பெர்லின் ஆய்வாளர்கள் செயற்கை இடுப்பு மூட்டுக்குள் அளவுக் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். சாதாரணமாக நடக்கும்போது இடுப்பு மூட்டில் விழும் விசை, உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று தெரியவந்தது. இதில் பெரும் பங்கு தசைகள் இறுக்குவதால் வருவது. அதாவது, காலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோலில் தாவுகிறவரின் இடுப்பெலும்பும் சும்மா இருப்பதில்லை. கட்டிலில் இடுப்பை உயர்த்திப் புரளும்போதும் அதன் மேல் விசை விழுகிறது.

“20 கிலோ மட்டும் வையுங்கள்” என்ற அறிவுரையும் சோதிக்கப்பட்டது. எடை பார்க்கும் கருவியின் மேல் காலை வைத்து, முள் 20இல் நிற்கும் வரை அழுத்திப் பழகுவது வழக்கம். கருவியின் மேல் சரியாகச் செய்கிறவர்களும், நடக்கத் தொடங்கியதும் அந்த அளவைத் தாண்டிவிடுகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டின. முதியவர்களுக்கு இது இன்னும் கடினம். மறுபுறம், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியோரைத் தடையின்றி நடக்கவிட்டு அளந்த 1998ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்று நல்ல செய்தி சொன்னது. அவர்கள் தொடக்கத்தில் தாமாகவே குறைவான எடையை வைத்தார்கள். வாரங்கள் செல்லச் செல்லக் கூட்டினார்கள். வலி என்ற காவலாளி உள்ளே இருந்து கணக்குப் பார்த்துக்கொண்டது.

அதன் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1999இல் அமெரிக்காவின் பால்டிமோர் மருத்துவர்கள், பல துண்டுகளாக முறிந்த தொடை எலும்புக்கும் பூட்டுக் கம்பி செலுத்தியபின் உடனே எடை வைக்கலாம் என்று காட்டினார்கள். 2011இல் பிரிட்டனின் ‘நைஸ்’ வழிகாட்டி, இடுப்பெலும்பு முறிந்த முதியோரை அறுவைக்கு மறுநாளே எழுப்பி நடமாடச் செய்ய வேண்டும் என்றது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள், நாள் கணக்கை விட்டுவிட்டு, நோயாளியின் வலி, நடையின் தரம், அன்றாடத் தேவை ஆகியவற்றைப் பார்த்துப் பிசியோதெரபி நிபுணரின் கண்காணிப்பில் எடையைக் கூட்டும் முறையை வகுத்தார்கள். 2024இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் 23 மருத்துவமனைகளைச் சேர்ந்த 561 பேர் கலந்துகொண்டார்கள். கணுக்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டாவது வாரத்தில் எடை வைத்தவர்கள், ஆறாவது வாரத்தில் வைத்தவர்களைவிட எந்த வகையிலும் பின்தங்கவில்லை.

ஒவ்வொரு காலுக்கும் தனிக் கணக்கு

அப்படியானால் எல்லாரும் உடனே நடந்துவிடலாமா? இல்லை. வரலாறு கற்றுத் தந்த பாடம் ‘சீக்கிரம் நட’ என்பது அல்ல. ‘உன் காலுக்கு உரிய கணக்கை அறிந்து நட’ என்பதே.

தொடை எலும்பின் நடுவே கம்பி பொருத்தப்பட்டவருக்கும், முழங்கால் மூட்டின் மேற்பரப்பே உடைந்து துண்டுகளை அடுக்கித் தகடு வைக்கப்பட்டவருக்கும் ஒரே விதி பொருந்தாது. மூட்டுப் பரப்பு அமுங்கிவிட்டால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் காத்திருக்கிறது. எலும்பின் திண்மை, வயது, புகைப் பழக்கம், ஊன்றுகோலைப் பிடிக்கும் கையின் நிலை, சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் ஆகிய அனைத்தும் கணக்கில் வரும்.

நம் சமூகம் மறக்கக் கூடாத ஒன்று நீரிழிவு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நீண்ட நாள் நீரிழிவால் பாதத்தின் உணர்வு மங்கிப் போனவருக்கு, வலி என்ற காவலாளி தூங்கிவிட்டான் என்று பொருள். எலும்பு நகர்ந்தாலும் அவருக்குத் தெரியாது. அதனால் அவருடைய கணுக்கால் முறிவுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் கூடுதல் காலம் காத்திருக்கச் சொல்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நடந்துவிட்டார் என்பதற்காக இவரும் நடந்துவிட முடியாது.

இழப்பீட்டிலிருந்து மறுவாழ்வுக்கு

கோலாலம்பூர் மருத்துவமனையின் தொடக்கம் 1870. மலேசிய எலும்பியல் மருத்துவர் சங்கம் அமைந்தது 1967இல். கிள்ளானில் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை 1985இல் வந்தது. எலும்பைப் பொருத்தும் கலையில் நாடு விரைவாகவே முன்னேறியது. பொருத்திய காலை வாழ்க்கைக்குத் திருப்பும் கலையோ தாமதமாகத்தான் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் மறுவாழ்வு மருத்துவத்துக்கான முதுநிலைப் படிப்பு தொடங்கியது 1997இல். செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை செயல்படத் தொடங்கியது 2012இல்.

தொழிலாளர் சட்டத்திலும் இதே பயணத்தைக் காணலாம். 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், எந்த உறுப்புப் போனால் எவ்வளவு பணம் என்று கணக்கிட்டது. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1971இல் சொக்சோ பிறந்தது. வேலையில் மட்டுமன்றி, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் அது பாதுகாப்பு அளிக்கிறது. மருத்துவ விடுப்புக் காலத்தில் நாள் சம்பளத்தில் 80 விழுக்காட்டைத் தற்காலிக ஊன உதவியாகத் தருகிறது. 2007இல் ‘மீண்டும் பணிக்கு’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது அதன் நோக்கம் ஒரு படி உயர்ந்தது. பணம் கொடுத்து அனுப்புவது போதாது, ஆளை வேலைக்குத் திரும்ப அழைத்து வரவேண்டும் என்பதே அது. 2014இல் மலாக்காவில் அதற்கென ஒரு பெரிய மறுவாழ்வு மையமும் திறக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் செய்வோருக்கான சட்டம் முதலில் டாக்சி ஓட்டுநர்களையும், பின்னர் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு செல்லும் இளைஞர்களையும் இந்தக் குடையின் கீழ் கொண்டுவந்தது. சந்தா கட்டியிருந்தால்தான் குடை விரியும் என்பதை அந்த இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது.

கேட்டுப் பெற வேண்டியவை

காற்றழுத்தத்தால் உடல் எடையைக் குறைத்து நடக்க வைக்கும் நடைமேடைகள் இன்று உண்டு. நாசாவின் ஆய்வில் பிறந்த யோசனை அது. காலணிக்குள் வைத்து, எத்தனை கிலோ விழுகிறது என்று சொல்லும் மெல்லிய கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் எல்லாருக்கும் அவை எட்டுவதில்லை, எட்டாவிட்டாலும் குறையில்லை. ஊன்றுகோல், எடை பார்க்கும் கருவி, பிசியோதெரபி நிபுணரின் கண், நோயாளியின் வாய் ஆகிய நான்கும் இருந்தாலே பெரும் பகுதி வேலை நடந்துவிடும்.

வாய் என்று சொல்லக் காரணம் உண்டு. மருத்துவமனை தரும் அட்டையில் என்.டபிள்யூ.பி., பி.டபிள்யூ.பி., எஃப்.டபிள்யூ.பி. என்று மூன்று எழுத்துகள் மட்டும் இருக்கலாம். முதலாவது எடையே வைக்கக் கூடாது என்பதையும், இரண்டாவது பகுதி எடையையும், மூன்றாவது முழு எடையையும் குறிக்கும். அந்த எழுத்துகளோடு வீட்டுக்கு வந்துவிடாமல் சிலவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. என் காலில் இருப்பது கம்பியா, தகடா? மூட்டுப் பரப்பு உடைந்திருக்கிறதா? இன்று எத்தனை கிலோ வைக்கலாம்? எதைப் பார்த்து அடுத்த படிக்குப் போகலாம்? மாடிப்படி ஏறலாமா? என் வேலை நின்றுகொண்டு செய்வது, எப்போது திரும்பலாம்? வேலை என்ன, வீடு எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா என்பவை எக்ஸ்ரேயில் தெரியாது. நோயாளி சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

நடக்கத் தொடங்கியபின் லேசான வலியும் மாலை வீக்கமும் இயல்பு. ஆனால் வலி நாளுக்கு நாள் கூடினால், கெண்டைக்கால் வீங்கி இறுகினால், காயத்தில் சீழ் வந்தால், காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அது அவசரப் பிரிவுக்குரிய விஷயம்.

பயத்தால் மூன்று மாதம் காலைத் தூக்கியே வைத்திருப்பவரும், பணத் தேவையால் மூன்றாம் வாரமே ஊன்றுகோலை எறிந்துவிட்டு வேலைக்குப் போகிறவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவருமே தம் காலுக்கு உரிய கணக்கைக் கேட்கவில்லை. தாமஸ் ஓய்வைக் கொடுத்தார்; குன்ட்ஷர் கம்பியைக் கொடுத்தார்; சர்மியன்டோவும் இலிசாரோவும் நடக்கத் துணிவைக் கொடுத்தார்கள். அவற்றுள் எது, எப்போது, எந்த அளவில் தனக்குப் பொருந்தும் என்பதை, அட்டையைக் கையில் வாங்கும் அந்த நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.